பட்டியக்கா வீட்டில் ஆணி அடிக்கலாம்

என் பெண்டாட்டி பெயின்ட் அடிக்கிறவள். பட்டியக்கா என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். சுவரிலுள்ள ஓட்டை, பள்ளங்களைப் பட்டி மாவால் நிரப்பித் தகட்டால் இழுத்து வழவழப்பாக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஏணியில் நின்றபடியே மேஸ்திரியைத் திட்டுவாள். கை மட்டும் நிற்காது. இன்றைக்கு அவளுக்கு மூன்று வாடகை வீடுகள். இரண்டு உள்ளூரில், ஒன்று கடல் தாண்டி. குடியிருப்பவர்கள் யாராவது என்னை "ஹவுஸ் ஓனர் சார்" என்று கூப்பிட்டால், ஓனர் ஏணி மேலே இருக்கிறாள் என்று சொல்லிவிடுவேன்.

எல்லாம் ஒரு ஆணியில் ஆரம்பித்தது. நாங்கள் வாடகைக்கு இருந்த காலத்தில், இறந்துபோன என் மாமியாரின் படத்தை மாட்ட இவள் ஒரே ஒரு ஆணி அடித்தாள். காலி செய்யும் நாளில் வீட்டுக்காரர் அந்த ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, அட்வான்சில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். "நானே அடைச்சுத் தரேன் சார், என் வேலையே அதுதான்" என்று கெஞ்சினாள். ம்ஹூம். மறுவாரம் மேஸ்திரி அவளை எங்கே வேலைக்கு அனுப்பினார் தெரியுமா? அதே வீட்டுக்கு! அந்த ஓட்டையை அவளே அடைத்தாள். இரண்டு நிமிஷம்தான் ஆனது. அன்று சோற்றைத் தொடவில்லை. "நாம வீடு வாங்கறோம்" என்றாள். நான் சிரித்தேன். அதற்கு இன்றுவரை வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

முதலில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறை. பத்து வருஷம் கழித்து மார்க்கெட் பக்கம் ஒன்று. யார் குடிவந்தாலும் சாவியோடு ஒரு சுத்தியலும் ஆணிப் பொட்டலமும் கொடுப்பாள். "எங்க வேணாலும் அடிச்சுக்கோங்க. போகும்போது நான் அடைச்சுக்கறேன்."

வெளிநாட்டிலிருக்கும் அவள் அண்ணன்தான், இங்கேயும் ஒரு வீடு வாங்கிப் போடு என்று ஆசை காட்டினார். நீச்சல் குளம் வைத்த புதுக் கட்டடத்தின் படங்களாக அனுப்பினார். இவள் கேட்டது ஒன்றுதான்: "பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கா?" குளம் இல்லாமல் இருந்துவிடலாம், நர்சுகளுக்கு வீடு இல்லாமல் முடியாது என்பது அவள் கணக்கு. கடைசியில் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில், பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு ஃபிளாட் அமைந்தது. மார்க்கெட் வீட்டை அடமானம் வைத்து வாங்கினோம். அங்கே வருகிற வாடகையில்தான் இங்கே கடன் அடைகிறது. பார்த்துக்கொள்ள ஒரு ஏஜென்டைப் பிடித்தார் அண்ணன். அந்த ஏஜென்ட் காட்டிய இடத்திலெல்லாம் இவள் கையெழுத்துப் போட்டாள்.

போன வருஷம் அந்த ஏஜென்டிடமிருந்து கடிதம் வந்தது. குடியிருக்கும் நர்ஸ் பதினாலு ஆணி அடித்திருக்கிறாளாம். ஒப்பந்தப்படி ஆணி கூடாதாம். அவளைக் காலி செய்யவைத்து, மூன்று மாத அட்வான்சையும் வைத்துக்கொண்டு, அதிக வாடகைக்கு வேறு ஆள் வைக்கலாமாம். சம்மதக் கையெழுத்து வேண்டுமாம்.

"ஆணி அடிக்கக் கூடாதுன்னு நானா கையெழுத்துப் போட்டிருக்கேன்?" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அண்ணன் போனில் கத்தினார். "போட்டுடும்மா. அவன் கைவிட்டா யாரு பாத்துக்குவா? ரெண்டு மாசம் காலியா கிடந்தா உன் மார்க்கெட் வீடு போயிடும்."

"மச்சான் சொல்றது சரிதானே" என்றேன் நான்.

"அந்த ஆளு விரல வெச்சுப் பாத்தாரே, மறந்துபோச்சா உங்களுக்கு?"

மறக்கவில்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான். ஆனால் அவள் எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டாள். பெட்டியில் பட்டி மாவு, தகடு, உப்புத்தாள், சுத்தியல், ஆணிப் பொட்டலம். அங்கே விமான நிலையத்தில் வெள்ளைப் பொடியைப் பார்த்து நாயை வரவழைத்தார்கள். நாய் மோந்து பார்த்துத் தும்மிவிட்டுப் போனது.

ஃபிளாட்டில் ஏஜென்டும் அண்ணனும் எங்களுக்கு முன்பே வந்து நின்றார்கள். கதவைத் திறந்த நர்ஸ் அழுதிருந்தாள். பயந்துபோய் ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டைகளைப் பற்பசையால் அடைத்து வைத்திருந்தாள். இவள் சுவரில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "சுவருக்குப் பல்லு தேய்ச்சு விட்டிருக்கியாடி!"

கட்டில் மேல் கலர் பென்சில் படங்கள் அடுக்கிக் கிடந்தன. ஊரில் விட்டுவந்த மகள் மாதம் ஒன்று வரைந்து அனுப்பியவை.

"தெரியாம அடிச்சுட்டேன்க்கா."

"பிள்ள வரைஞ்சத மாட்ட தெரிஞ்சேதான் அடிக்கணும். தள்ளு."

"மேடம், ஒப்பந்தத்துல உங்க கையெழுத்து இருக்கு" என்றான் ஏஜென்ட்.

"படிக்காம போட்டது என் தப்பு. அதுக்கு இவ ஏன் தண்டம் கட்டணும்? மணி பாத்துக்கோங்க தம்பி."

பற்பசையைச் சுரண்டி எடுத்தாள். பட்டியைக் குழைத்தாள். தகடு சுவரில் சர் சர்ரென்று ஓடியது. பதினாலு ஓட்டைக்கும் இருபத்தெட்டு நிமிஷம்.

"இதுக்கா மூணு மாச வாடகை? வெக்கமா இல்ல? ஆணி கூடாதுங்கற அந்த வரிய அடிச்சுடுங்க. இவ எங்கயும் போக மாட்டா."

"அப்போ இந்த வீட்ட நான் பாத்துக்க முடியாது மேடம்."

அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். என் கண் முன்னால் மார்க்கெட் வீட்டின் பச்சைக் கதவு வந்து நின்றது.

"பாக்காதீங்க. சாவிய வெச்சுட்டுப் போங்க." நர்ஸிடம் திரும்பினாள். "வாடகைய நேரா என் கணக்குல போட்டுடு. குழாய் ஒழுகினா எனக்குப் போன் பண்ணு."

பிறகு பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்தாள். சுவரின் நட்டநடுவில், ஈரமில்லாத இடமாகப் பார்த்து ஓங்கி ஒரு ஆணி அடித்தாள். வாசல்வரை போன ஏஜென்ட் திரும்பிப் பார்த்தான்.

"இது பதினஞ்சாவது. வீட்டுக்காரி அடிச்சது. இதுக்கு யாரோட அட்வான்ஸ்ல பிடிப்பீங்க தம்பி?"

அவன் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். மார்க்கெட் வீடு போனால் போகட்டும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. பெட்டியைத் துழாவி ஆணிப் பொட்டலத்தை எடுத்து நானே அந்த நர்ஸின் கையில் கொடுத்தேன்.