சரிவில் பழகிய ஓட்டம்

நான் கடைசியாகத்தான் வந்தேன். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். முடிவுக்காக யாரும் காத்திருக்க வேண்டாம்.

நேற்று தம்பி பெங்களூரிலிருந்து பேசினான். அவன் மகள் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்கிறாள். போட்டிக்கு முதல் நிலையில் அனுப்பினால் பதக்கம் நிச்சயம், இரண்டாம் நிலையில் சந்தேகம், எதில் சேர்ப்பது என்று கேட்டான். அவளையே கேள் என்றேன். "அவ கொழந்தக்கா, அவளுக்கு இன்னா தெரியும்?" என்றான். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் அவன் மகளைவிட மூத்தது.

புதூர்நாட்டுக்கு மேலே எங்கள் ஊர். மலைப் பள்ளியில் எட்டாவது வரைதான் உண்டு. ஒன்பதாவதுக்குத் திருப்பத்தூர் விடுதிக்குப் போக வேண்டும். அப்பாவுக்கு அனுப்ப விருப்பம்; பெரியப்பாவுக்கு இல்லை. நானும் பள்ளியில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகிக்கொண்டிருந்தேன்; பெண் பிள்ளை பத்துப் பேர் எதிரில் தலைகீழாக நிற்பதே அவருக்கு வெட்கக்கேடாக இருந்தது. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்: "போட்டியில பரிசு வாங்கினு வரட்டும், கீழ போவட்டும். இல்லன்னா படிச்சது போதும்."

எங்களுக்குப் பழக்கிய டீச்சர் தினமும் ஜீப்பில் மலையேறி வருபவர். பள்ளியில் இருந்த மெத்தைகளை வகுப்பறையில் விரித்தால் உருளலாம், கையூன்றிச் சக்கரம் சுற்றலாம், தலைகீழாக நிற்கலாம். முதல் நிலைக்கு அவ்வளவே போதும். இரண்டாம் நிலைக்கு ஓடிவந்து, கைகளை ஊன்றி, உடல் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, காலில் வந்து நிற்க வேண்டும். அதற்கு வகுப்பறையில் இடமில்லை. அதை நான் எங்கள் கதிரடிக்கும் களத்துப் பாறையில் பழகினேன். பாறை மேலிருந்து ஓடிவந்தால் அடியில் கதிரடித்து மீந்த சாமைத் தாள் வைக்கோல்போல் குவிந்திருக்கும்.

பெயர் கொடுக்கும் நாளில் அப்பா பள்ளிக்கு வந்தார். "முதல் நிலைன்னா கண்ண மூடினு ஜெயிச்சுடுவா உங்க பொண்ணு" என்றார் டீச்சர்.

"அதுலயே போடுங்க டீச்சர்."

"அதுல போட்டா நான் நிக்கவே மாட்டேன்" என்றேன். "மூணாவது படிக்கற புள்ளைங்க போடறத நான் போட்டு, அதுக்கு ஒரு பரிசா?"

"உங்க பெரியப்பா சொன்னது காதுல வுயுந்துச்சா இல்லியா?" என்றார் அப்பா.

"வுயுந்துச்சு. பரிசுதான் கேட்டாரு. எதுல நிக்கணும்னு அவரு சொல்லல."

டீச்சர் சிரித்துவிட்டார். "இந்த வாய்க்கே ஒரு பரிசு குடுக்கலாங்க."

அப்பா சிரிக்கவில்லை. என்னைக் களத்துக்கு அழைத்துப் போய்ச் செய்து காட்டச் சொன்னார். செய்தேன். தாளில் ஊன்றிய கால் அசையவில்லை. மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் அசையவில்லை. திரும்பி வந்து, "ரெண்டாவதுலயே போடுங்க" என்றார்.

எங்கள் கணக்கில் பிழை இருந்தது. எங்கள் ஊரில் வாசலிலிருந்து காடு வரை எதுவும் சமமில்லை. சாய்வுதான் எங்களுக்குத் தரை. நான் ஓடிய ஒவ்வொரு ஓட்டமும் மேட்டிலிருந்து இறங்கிய ஓட்டம். வேகத்தில் பாதியை மலை தந்துகொண்டிருந்தது. அது எனக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது.

திருப்பத்தூரில் போட்டி நடந்த கூடம் தண்ணீர் நிற்பதுபோல் மட்டமாக இருந்தது. வழக்கம்போல் ஓடினேன். யாரோ பாவாடையைப் பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. கையை ஊன்றினேன், உடல் முழுச் சுற்றுச் சுற்றவில்லை. பொத்தென்று உட்கார்ந்தேன். கூடம் சிரித்தது.

எழுந்து, இன்னொரு முறை தருவீர்களா என்று நடுவரைக் கேட்டேன். கிடையாது என்றார். நேராகச் சுவர் வரை போனேன். ஓட்டம் தொடங்கும் கோட்டுக்கு வெளியே, சுவரில் முதுகு படும் இடத்திலிருந்து, மலை தராததையும் சேர்த்து ஓடினேன். இரண்டு காலில் வந்து நின்றேன். அசையவில்லை.

"அது கணக்குல வராது பாப்பா" என்றார் நடுவர்.

"தெரியுங்க."

முதல் நிலையில் பரிசு வாங்கிய பெண் தலைகீழாக நிற்கும்போது கால் ஆடியதை நான் பார்த்தேன். அவளுக்கு ஓர் எவர்சில்வர் தட்டு கொடுத்தார்கள். நான் அதற்கு ஆசைப்படவில்லை. அன்று மட்டுமல்ல, இன்றும் இல்லை. மறுபடி பெயர் கொடுக்கச் சொன்னால் இரண்டாம் நிலையில்தான் கொடுப்பேன்.

அப்பாவும் நானும் ஜீப்பில் திரும்பினோம். பாதி மலை ஏறியதும், "எறக்கத்துலயே ஓடிப் பழகிட்டம்மா, அதான்" என்றார்.

பெரியப்பா எங்கள் வாசலில் காத்திருந்தார். "இன்னா வாங்கினா?"

"கடைசி" என்றார் அப்பா.

"அப்ப பேசின பேச்சு பேச்சுதான்."

"அது நீ பேசின பேச்சுண்ணா. அவ கீழ போறா."

அப்பா அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். விவகாரம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நான் ஜெயித்துவிட்டதாகவும் நினைத்துக்கொண்டேன்.

சித்திரையில் மழை பெய்தது. எங்களுக்கு மாடு கிடையாது. இரண்டு வீட்டு நிலத்தையும் பெரியப்பாவின் ஏர்தான் உழும். அந்த வருடம் அது அவர் நிலத்தோடு நின்றுவிட்டது. அப்பாவும் அம்மாவும் மண்வெட்டியால் கொத்தத் தொடங்கினார்கள். அம்மா உள்ளங்கையில் கிழிந்த சேலைத் துணியைச் சுற்றியிருந்தாள். ஏர் ஏன் வரவில்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. விடுதிக்குப் போகப்போகும் சந்தோஷத்தில் இருந்தேன். கொத்திய மண் மெத்தைபோல் இருந்ததால் அதில் கரணம் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு முறை நான் காலூன்றும்போதும் அப்பா மண்வெட்டியை நிறுத்தி, அதன் காம்பில் சாய்ந்துகொண்டு, "இன்னொரு தபா போடு" என்பார். என்னைப் பார்க்கத்தான் வேலையை நிறுத்துகிறார் என்று நினைத்தேன்.