வேலிக்கு மேலாகவா, ஊடாகவா

1956 மார்ச் 12, திங்கட்கிழமை. நான்கே முக்காலுக்கு எழுந்தேன். வெந்நீர் வைத்து முகம் மழித்தேன். ஐந்தரைக்கு, ஆட்களைப் பேர் கூப்பிட வரச்சொல்லும் பெரட்டுத் தப்பு கேட்டது. ஆறே முக்காலுக்குத் தேயிலைத் தோட்ட ஆபீஸைத் திறந்து, மைக்கூடுகளை நிரப்பி, சனிக்கிழமைக் கொழுந்து நிறுவையைப் பேரேட்டில் ஏற்றினேன். ஒன்பதரைக்குத் தபால்காரர் லிந்துலையிலிருந்து தோல்பையோடு ஏறி வந்தார். பதினோரு கடிதங்கள். எனக்கு ஒன்றும் இல்லை. என் நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இதுவரை சுத்தமாக இருக்கிறது. இதற்குக் கீழே ஒரு வரிகூட அடித்தலில்லாமல் இல்லை.

பத்தேகாலுக்கு ஏழாம் நம்பர் மலையில் குளவி கலைந்தது. கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டுக் கீழ்நோக்கி, ஆற்றுப் பக்கம் ஓடினார்கள். ஒருத்தி மட்டும் மேல்நோக்கி ஓடினாள். மலையின் தலைமாட்டில் துரை பங்களாவின் சைப்பிரஸ் வேலி இருக்கிறது. சற்று நேரத்தில் அவள் அந்த வேலிக்கு உள்ளே, துரைசாணி அம்மாவின் டேலியாப் பாத்தியில் குப்புறக் கிடந்தாள். நுவரெலியா மலர்க்காட்சிக்கென்று ஜனவரியிலிருந்து பிள்ளை போல் வளர்த்த டேலியா. ஒன்பது செடிகள் முறிந்திருந்தன.

பங்களா வேலிக்குள் தொழிலாளி கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் தோட்டத்தில் எழுதியும் எழுதாமலும் இருந்த சட்டம். மீறினால் பத்துச்சீட்டு, அதாவது வேலை போய்விடும். வேலை போனால் குடியிருக்கும் லயத்து அறையும் போகும். புருஷனும் மாமியாரும் அவளோடு சேர்ந்து சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

பதினொன்றுக்குத் துரை என்னைக் கூப்பிட்டார். அவருடைய அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஓர் அரைக் கதவுதான்.

"அந்தப் பெண்ணை விசாரித்து ஓர் அறிக்கை எழுதும். அவள் வேண்டுமென்றே உள்ளே வந்தாளா, வந்து விழுந்தாளா என்பது எனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். வேண்டுமென்று வந்திருந்தால் சீட்டு. இல்லையென்றால் எச்சரிக்கை. சீட்டையும் அடித்து வையும், கையெழுத்து மட்டும் பாக்கியாக இருக்கட்டும்."

நான் சீட்டை அடித்தேன். அதில் திணறல் ஒன்றும் இல்லை. நான்கு வரி. அச்சடித்தது போல வந்தது.

அவள் ஆபீஸ் வாசலில் நின்றாள். மருந்துக்காரர் போட்ட களிம்பு முகமெல்லாம் வெள்ளையாக இருந்தது. இடது கண் மூடிக்கிடந்தது. வயது முப்பதுக்குள். அவளோடு அவளுடைய கங்காணியும் வந்திருந்தார்.

"நடந்ததைச் சொல்லும்மா," என்றேன்.

"குளவி கொட்டுச்சுங்க. ஓடுனேன். கண்ணத் தொறந்தா பூவுல கெடக்கேன்."

"ஓடுனேன்னா எப்படி? வேலிக்கு மேல ஏறியா? ஊட நொழைஞ்சா?"

"குளவி கொட்டயில அதெல்லாம் பாத்துக்கிட்டாங்களா கிளாக்கர் ஐயா ஓடுவாங்க?"

கங்காணி இடையில் புகுந்தார். "ஐயா கேக்குறதுக்குப் பதில் சொல்லு புள்ள. ஐயாவ ஒருநாளாவது குளவி கொட்டியிருந்தா இப்புடிக் கேப்பாரா? அது வேற விசயம்."

தமிழில் அவள் சொன்னது போதும். 'ஓடுனேன், கெடந்தேன்' என்ற இரண்டு சொல்லுக்கு நடுவில் ஒரு வேலி கிடப்பதைத் தமிழ் கண்டுகொள்வதில்லை. ஆங்கிலம் விடாது. 'ரன்' என்று எழுதியவுடன் அதன் வாலில் ஒரு சின்னச் சொல்லைக் கட்டச் சொல்லும். 'ஓவர்' என்றால் மேலேறித் தாண்டினாள். 'த்ரூ' என்றால் ஊடாக நுழைந்தாள். 'அக்ராஸ்' என்றால் குறுக்கே கடந்தாள். நடந்தாளா ஓடினாளா என்பதை வினைச்சொல் சொல்லும். எந்த வழியாகப் போனாள் என்பதை அந்தச் சின்னச் சொல் சொல்லும். வழி தெரியாதவன் வாக்கியத்தை முடிக்க முடியாது.

இதற்கென்றே நான் ஒன்பது வருடமாக ஒரு கோடு போட்ட கொப்பி வைத்திருக்கிறேன். இடது பக்கம் வினைகள், மேல்வரிசையில் சின்னச் சொற்கள், நடுவே கட்டங்கள். துரைமாரின் கடிதங்களிலும் செய்தித்தாளிலும் பார்த்ததை அந்தந்தக் கட்டத்தில் எழுதுவேன். அறுபத்தொரு வினைகள். இந்த மாவட்டத்தில் வேறெந்தக் கிளாக்கரிடமும் இப்படி ஒன்று இல்லை என்று அன்று பகல் பன்னிரண்டு வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் 'என்டர்டு' என்று மரியாதையாக எழுதினேன். தாள் சிவப்புப் பென்சிலோடு திரும்பி வந்தது. "கேட் வழியாகவா? விசிட்டிங் கார்டு கொடுத்துவிட்டா?"

இரண்டாவதாக 'ஜம்ப்டு ஓவர்' போட்டேன். துரை அரைக் கதவுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "வேலி ஐந்தடி. அவள் ஐந்தடி இருக்கிறாளா? அப்படியே தாண்டியிருந்தால் அது வேண்டுமென்று செய்ததுதானே? சீட்டில் கையெழுத்துப் போட்டுவிடட்டுமா?"

வேண்டாம் என்றேன். கொப்பியைப் புரட்டினேன். மூன்றாவதாக 'ப்ரோக் இன்டு'. பலமான சொல், 'ப்ரேக்' வரிசையில் அந்தக் கட்டத்தை நான் நீல மையால் அடிக்கோடிட்டிருந்தேன். துரை அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது திருடர்களுக்கு எழுதுவது, கிளாக்கர். உமக்கு அந்தப் பெண்மேல் ஏதாவது கோபமா?"

எனக்குக் காது சுட்டது. அவளைக் காப்பாற்ற எழுதிய தாள் அது. நான் போட்ட இரண்டு சொல்லால் அவள் சீட்டுக்கு ஒரு முழம் பக்கத்தில் போயிருந்தாள். வாசலில் பார்த்தேன். ஆங்கிலம் தெரியாதவள், அரைக் கதவில் தாள் போவதையும் வருவதையும் ஒற்றைக் கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தாள்.

நான்காவது தாளில் வினையும் வேண்டாம் வாலும் வேண்டாம் என்று 'அவள் தோட்டத்தில் காணப்பட்டாள்' என்று எழுதினேன். "நானும்தான் காணப்பட்டேன்," என்று திரும்பியது.

இந்த நேரத்தில் மலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா தொப்பியால் விசிறிக்கொண்டே வந்தார். "என்ன கிளாக்கர், இன்னுமா எழுதுறீங்க? மத்தவளுகள்லாம் கீழ ஓடுனாளுக. இவ மட்டும் ஏன் மேல ஓடுனா? பங்களாப் பூவப் பாக்கத்தான். சீட்ட நீட்டுங்க, வேல முடிஞ்சிரும்."

"கீழ கொட்டிக்கிட்டிருந்துச்சுங்க, அதான் மேல ஓடுனேன்," என்றாள் அவள்.

"பாத்தீங்களா, வாய!"

எனக்குப் பொறுக்கவில்லை. துரையிடம் போய், "இதை மேசையில் உட்கார்ந்து எழுத முடியாது. இடத்தைப் பார்க்க வேண்டும்," என்றேன். பதினாலு வருடமாக அந்த மலையைப் பற்றி எழுதுகிறேன். ஒருநாளும் அதில் ஏறியதில்லை. எழுதிய எல்லாமே கங்காணி சொன்னது, கண்டாக்கு சொன்னது.

மூன்றரைக்கு ஏறினோம். துரையும் துரைசாணி அம்மாவும் வேலிக்கு உள்ளே பாத்தியோரம் நின்றார்கள். நான், கங்காணி, கண்டாக்கு, அவள் வெளியே. அவளுடைய கூடை இன்னும் வேலியோர வடிகாலான கானுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது.

"எப்படி வந்தாளோ அப்படியே வந்து காட்டச் சொல்லும்," என்றார் துரை உள்ளேயிருந்து.

சொன்னேன். அவள் அசையவில்லை.

"துரை தோட்டத்துக்குள்ள நான் எப்படிங்க திரும்பப் போறது? போனதுக்குத்தானே பத்துச்சீட்டு?"

கண்டாக்குவைப் பார்த்தேன். அவர் மேகத்தைப் பார்த்தார். கங்காணியைப் பார்த்தேன். "எனக்கு முட்டி வலிங்க," என்றார். பகல் முழுவதும் வழி கேட்டவன் நான்தான். கோட்டைக் கழற்றி மடித்து வைக்கவும் இடமில்லை. போட்டபடியே கானைத் தாண்டினேன்.

"அங்க இல்லீங்க," என்றாள் அவள் பின்னாலிருந்து. "வலப்பக்கம். ரெண்டு மரத்துக்கு நடுவுல வெளிச்சம் தெரியுது பாருங்க. வெளிச்சத்தப் பாத்துத்தான் தலைய விட்டேன். மொதல்ல தலையக் குடுங்க."

தலையைக் கொடுத்தேன். சைப்பிரஸ் கன்னத்தைக் கீறியது. தோள் மாட்டிக்கொண்டது.

"கையத் தூக்குங்க ஐயா. நான் கையாலதான் மூஞ்சியப் பொத்திக்கிட்டிருந்தேன்."

"குளவி இல்லாமயே இந்தப் பாடு," என்றார் கங்காணி. "கொட்டயில எப்புடி இருந்திருக்கும்! தள்ளி விடவாங்க ஐயா?"

"தொடாதே!" என்றேன். அதற்குள் கோட்டுப் பை கிழிந்து தோள் விடுபட்டது. ஒரு காலை முன்னால் வைத்தேன். வைக்க நிலம் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் வேலிக்கு இருபுறமும் தரை ஒரே மட்டமாகத்தான் தோன்றும். உள்ளே நாலடிப் பள்ளம். பாத்திக்காக மண்ணை வெட்டி இறக்கியிருக்கிறார்கள். வேலியில் தலையை விட்ட எவரையும் அந்தப் பள்ளம் தானாகவே உள்ளே வாங்கிக்கொள்ளும். நான் டேலியாக்களின் மேல் கைகளை விரித்து விழுந்தேன். துரைசாணி அம்மா ஒரு சத்தம் போட்டார். எனக்காக அல்ல. பத்தாவது, பதினோராவது செடிகளுக்காக.

எழுந்து உட்கார்ந்தேன். மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை. துரை வெட்டின மண்ணையும், மேலே வேலியின் ஓட்டையையும், என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"இது மேலாகவா, ஊடாகவா?" என்று கேட்டேன். கோபத்தில்தான் கேட்டேன். "என்ன எழுதட்டும்? நான் குதிக்கவில்லை, உடைக்கவில்லை, நுழையவும் இல்லை. எனக்கே தெரியவில்லை."

"'காட் இன்' என்று எழுதும்," என்றார் துரை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். குளவி கொட்டியது, 'ஷி காட் இன்'. பிறகு 'ஷி காட் அவுட்'. வேறென்ன சொல்வார்கள்?"

வேறென்ன சொல்வார்களாம். எந்த வழி என்று கேட்காமலே ஆளை உள்ளே கொண்டுவந்து சேர்க்கும் சொல். என் கொப்பியின் அறுபத்தொரு வினைகளில் அந்த 'கெட்' இல்லை. அது சோம்பேறிகளின் சொல் என்று பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்ததால் அதற்கு ஒரு வரிசைகூட ஒதுக்கவில்லை. காலையிலேயே அதை எழுதியிருந்தால் அந்தப் பெண் ஐந்து மணி நேரம் வாசலில் வெந்திருக்க மாட்டாள். என் கோட்டும் பிழைத்திருக்கும்.

துரை வேலிப்பக்கம் திரும்பித் தம்முடைய தமிழில் சத்தம் போட்டார். "ஏய், நீ போ! சீட்டு இல்லே! நாளைக்கி பெரட்டுக்கு வா!"

வெளியிலிருந்து கங்காணியின் குரல்: "அழுவாத புள்ள, கண்ணு இன்னும் வீங்கிரும்."

நான் குசினி வாசல் வழியாக வெளியே விடப்பட்டேன். அவள் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். என் கன்னத்தைப் பார்த்து, "களிம்பு மிச்சம் இருக்குங்க ஐயா, வேணுங்களா?" என்றாள். கண்டாக்கு ஐயா ஏற்கெனவே போய்விட்டிருந்தார்.

ஐந்து மணிக்கு ஐந்தாவது தாளை எழுதினேன். ஒன்றரை வரி. துரை படித்து, பென்சிலைத் தொடாமல் ஒப்பமிட்டார். ஒப்பமிடாத அந்தச் சீட்டை எடுத்து ஆபீஸ் அடுப்பில் போட்டேன். மூக்குக்கண்ணாடியைத் தோட்டக்காரர் ஆறு மணிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு காது ஒடிந்திருந்தது.

ஆனாலும் மனம் சரியாகவில்லை. துரை நாளைக்கு வா என்று வேலிக்குள்ளிருந்து சொன்னது வாய்வார்த்தை. பேர்ப் புத்தகம் கண்டாக்கு ஐயா கையில் இருக்கிறது. பெரட்டில் அவர் பெயரைக் கூப்பிடாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை.

செவ்வாய்க்கிழமை எழுந்ததும் வெந்நீர் வைக்கவில்லை, முகம் மழிக்கவில்லை. தப்பு கேட்கும் முன்பே பெரட்டுக்களத்துக்கு ஏறிப் போய், பனியில் கண்டாக்கு ஐயாவுக்கு நேர் எதிரே நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், அவள் பெயரைக் கூப்பிட்டார். "இருக்கேங்க," என்று குரல் வந்தது. அவளுக்கு ஒன்பதாம் நம்பர் மலை என்று அவர் பேர் போட்ட பிறகுதான் ஆபீஸைத் திறக்க இறங்கினேன்.