சக்கரத்துக்கு முன்னால் ஒரு கட்டை

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பாதியில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும், அப்புறம் மீதியைச் சொல்ல மாட்டேன். பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் நம்பிய ஆள் இல்லை நான். வேன் ஓட்டிப் பிழைக்கிறவன் பிரேக்கையும் டயரையும் எஞ்சின் ஆயிலையும் நம்பினால் போதும் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பேசித் திரிந்தவன். புது டயர் மாட்டினால் என் மனைவி ராஜி எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொல்வாள். நசுக்குவேன், ஆனால் அதைப் பிழிந்து குடித்திருந்தால் தாகமாவது தீர்ந்திருக்கும் என்று அவளைச் சீண்டாமல் விட்டதில்லை.

நாங்கள் இருப்பது கேமரன் மலையில், ரிங்லெட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தேயிலை எஸ்டேட்டில். ராஜி அங்கேயே பிறந்தவள், தேயிலை ஆலையில் பாக்கிங் வேலை பார்க்கிறாள். அவள் அப்பா அதே எஸ்டேட்டில் லோரி ஓட்டியவர், எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். நான் ஈப்போ பக்கத்து ஆள். மலைக்கு மாப்பிள்ளையாக வந்து, ஒரு பழைய வேனை வாங்கி, எஸ்டேட் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகிற தொழிலில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வேனைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஹேண்ட்பிரேக் சரிவில் நிற்காது. பக்கத்தில் இழுத்துச் சாத்துகிற கதவு முழுசாக மூடாது, மூடினாலும் ஓடும்போது தானாகத் திறந்துகொள்ளும், பிள்ளைகளை வைத்துக்கொண்டு பயந்து பயந்து கயிறு போட்டுக் கட்டித்தான் ஓட்டுவேன். ரிங்லெட் வொர்க்ஷாப்பில் இருக்கிற சீன மெக்கானிக் கேபிளை மாற்றினார், கதவின் உருளையை மாற்றினார், கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "இந்த மாடல் எல்லாம் இப்டிதான் லா, விட்டுடு" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் பொய் இல்லை. இதே மாடல் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து போனில் ஒரு குரூப் வைத்திருக்கிறோம். குவாந்தானில் ஒருவருக்குக் கதவு திறந்துகொள்கிறது, சுங்கை பட்டாணியில் ஒருவருக்கு ஹேண்ட்பிரேக் வழுக்குகிறது, இன்னொருவருக்கு கியர் தானாக விழுகிறது, இப்படி நாள் முழுக்க ஒரே ஒப்பாரி. ஹேண்ட்பிரேக்குக்கு அங்கே கிடைத்த வைத்தியம் ஒன்றுதான்: சக்கரத்துக்கு ஒரு கட்டை போடு.

எங்கள் லைன் வீடுகளுக்கு முன்னால் ஒரு சரிவு உண்டு. வேறு இடம் இல்லாததால் வேனை அங்கேதான் மூக்கு கீழே பார்த்தமாதிரி நிறுத்துவேன். சரிவு முடிகிற இடத்தில்தான் காலையில் பிள்ளைகள் வேனுக்குக் காத்திருக்கும். ஒருநாள் காலை நான் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருக்கிறேன், வேன் மெதுவாக நகர்கிறது. பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடுகிறேன், ஓடி என்ன செய்ய முடியும் சொல்லுங்கள். திடீரென்று டொக்கென்று ஒரு சத்தம், வேன் நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால் முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு மரக்கட்டை, ஆப்பு மாதிரி சாய்வாக வெட்டினது, எண்ணெய் ஊறிக் கறுத்துக் கிடக்கிறது. பின்பக்கம் ஓட்டை போட்டு ஒரு துண்டுக் கயிறு கட்டியிருந்தது, தூக்குவதற்குத் தோதாக. கயிறு சொதசொதவென்று ஈரம். அன்றைக்கு மழையே இல்லை.

லைனில் எல்லாரையும் கேட்டேன், ஒருவரும் போடவில்லை என்றார்கள். யாரோ புண்ணியவான் போட்டுவிட்டுச் சொல்ல வெட்கப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் எப்போது அங்கே நிறுத்தினாலும், திரும்பி வரும்போது சக்கரத்துக்கு முன்னால் கட்டை இருக்கும். எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுக் கிளம்புவேன், அவ்வளவுதான். குரூப்பில் போட்டோ பிடித்துப் போட்டு, உங்களில் யாருக்காவது கட்டை தானாக வருகிறதா என்று கேட்டேன். சிரிக்கிற பொம்மைகளாக அனுப்பித் தள்ளினார்கள்.

சிரிக்காதது ராஜி மட்டும்தான். ஒருநாள் நான் கட்டையைக் கையில் வைத்திருந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"இத எங்கேருந்து எடுத்தீங்க?"

"வேனுக்கு அடியிலதான். யாரோ போட்டுட்டுப் போறாங்க, நல்ல மனசு."

"முனீஸ்வரர் கோயில் மரத்தடியில கொண்டு வச்சிட்டு வாங்க. கண்டதையும் வீட்டுப் பக்கம் கொண்டாராதீங்க."

ஏன் என்று கேட்பதற்குள் உள்ளே போய்விட்டாள். நான் கோயிலுக்கெல்லாம் போகவில்லை, ஓடையில் வீசிவிட்டேன். மறுநாள் அது சக்கரத்துக்கு முன்னால்தான் இருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அதே மாதிரி இன்னொரு கட்டை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு நேரம் முடிந்து கொஞ்சம் கழித்து. ராத்திரிகூட இல்லை, கவனியுங்கள். லைனில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும் காலம் இது, மீதிப் பேரும் தாப்பாவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். ராஜிக்கு இளைப்பு என்பதால் நாங்கள் போகவில்லை. மத்தியானம் பனி இறங்கியது. கேமரன் மலையில் பனி புதுசு இல்லை, ஆனால் அன்று வாசலில் நின்றால் வேன் தெரியவில்லை. அந்தக் குளிரில் அவளுக்கு இளைப்பு கூடிவிட்டது. மருந்து பம்ப்பை அழுத்தினால் வெறும் காற்று வருகிறது. போனில் லைன் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் அந்தப் பனியில் ஆம்புலன்ஸ் எப்போது வந்து சேருமோ. அவள் உதடு நீலம் பாய்வதைப் பார்த்தேன். தூக்காத குறையாகக் கொண்டுபோய் வேனின் நடு சீட்டில் உட்காரவைத்தேன். கதவு வழக்கம்போல முக்கால்வாசியில் நின்றுவிட்டது, கயிறு கட்டக்கூட நிற்காமல் ஓடிப்போய் ஸ்டார்ட் பண்ணினேன். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் போதும், வேறு ஒன்றும் மனதில் இல்லை.

ஹேண்ட்பிரேக்கை இறக்கி, கிளட்சை விட்டேன். வேன் ஒரு முக்கு முக்கி எஞ்சின் அணைந்துவிட்டது. கட்டையை மறந்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டு இறங்கி, அதைப் பிடுங்கித் தேயிலைச் செடிகளுக்குள் தூர எறிந்தேன். அது செடியில் விழுந்த சத்தமும் கேட்டது. ஏறி ஸ்டார்ட் பண்ணினேன், மறுபடியும் அணைந்தது. இறங்கிப் பார்க்கிறேன், அதே இடத்தில் அதே கட்டை, கயிற்றில் தண்ணீர் சொட்டுகிறது.

நான் பயந்தேன். மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் பின்னால் ராஜி மூச்சுக்கு இழுக்கிற சத்தம் அதைவிடப் பெரிய பயமாக இருந்தது. இந்தமுறை கட்டையைத் தூக்கி எறியவில்லை. என் பக்கத்து சீட்டிலேயே வைத்தேன், என் கண்ணுக்கு எதிரில் இருக்கட்டும், எங்கே போகிறது பார்க்கலாம் என்று. என் பக்கக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். சீட் நனைந்திருந்தது. கட்டை இல்லை.

நம்பினால் நம்புங்கள், ஐம்பது வயதைத் தாண்டிய மனிதன் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். "விடுப்பா, எம் பொண்டாட்டி செத்துருவா, விடுப்பா" என்று யாரிடம் கெஞ்சுகிறேன் என்று தெரியாமலே கெஞ்சினேன். அப்போது ராஜி என் சீட்டை முதுகுப் பக்கம் தட்டினாள்.

"கேளுங்க," என்றாள். மூச்சு விட்டு விட்டு வருகிறது.

"என்னத்தக் கேக்கறது?"

"கட்டை எடுத்தாச்சான்னு கேளுங்க. பதில் வந்தா... ஏறிட்டியான்னு கேளுங்க. ரெண்டும் கேக்கணும். கேட்டுட்டுதான் வண்டிய எடுக்கணும்."

விளக்கம் கேட்க நேரம் இல்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன். பனி உள்ளே வந்தது. வெளியே எஞ்சின் சத்தம்கூட இல்லாத அமைதி. "கட்டை எடுத்தாச்சா?" என்றேன்.

"எடுத்தாச்சு அண்ணே."

முன்சக்கரத்துப் பக்கமிருந்து, தாழ்வாக, குனிந்திருக்கிறவன் பேசுகிற மாதிரி வந்தது. பயமுறுத்துகிற குரல் இல்லை அது. வேலை செய்கிற ஒரு இளவட்டத்தின் சாதாரணக் குரல், கொஞ்சம் மூச்சு வாங்குகிறது.

இரண்டாவது கேள்வி வாயில் வரவில்லை. கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவள் பக்கத்தில்தான் இடம் காலியாக இருக்கிறது. அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது. பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் பார்த்தேன், ராஜியின் தலை ஒரு பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

"ஏறிட்டியா?"

இரண்டு ஆள் சேர்ந்து இழுத்தாலும் மூடாத கதவு ஒரே இழுப்பில் சர்ரென்று வந்து, கிளிக்கென்று பூட்டிக்கொண்டது. வேன் இடது பக்கம் ஒரு தாழ்வு தாழ்ந்தது. பிறகு பின்னாலிருந்து, ராஜியின் பக்கத்திலிருந்து, "ஏறிட்டேன் அண்ணே. போலாம்."

ஸ்டார்ட் பண்ணினேன், வேன் நகர்ந்தது. எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். வேன் ஓட்டுகிறவனுக்கு எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்பது பார்க்காமலே காலுக்குத் தெரியும், கிளட்ச் சொல்லிவிடும். மெயின் ரோட்டுக்கு ஏறும்போது கிளட்ச் ஒரு ஆள் கூடுதல் என்றது. அந்தப் பின்பக்கக் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டுவிட்டேன், பின்னால் பார்க்கவே இல்லை. ராஜி இழுத்து இழுத்து மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறவரை அவள் உயிரோடு இருக்கிறாள் என்று அதையே கேட்டுக்கொண்டு ஓட்டினேன். அணைக்கட்டு ஏரி தாண்டி ஒரு வளைவில் அவள், "ஆமா, அவரு மகதான்" என்று யாருக்கோ பதில் சொன்னாள். நான் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினேன்.

ஆஸ்பத்திரியில் உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். சாயங்காலம் அவள் முகத்தில் நிறம் திரும்பிய பிறகுதான் எனக்கு நாக்கில் ஈரம் வந்தது. வேனில் யாரிடம் பேசினாய் என்று கேட்டேன். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுச் சொன்னாள்.

"அப்பாவோட லோரியில சின்னப்பன்னு ஒரு கெலிண்டான் இருந்தாராம். லோரி கூடவே வந்து டிரைவருக்கு எடுபிடி வேல பாக்கறவரு. அப்ப லோரிக்கெல்லாம் பிரேக் சரியிருக்காது, சரிவுல நின்னா அவருதான் குதிச்சி கட்டை போடுவாரு. கெளம்பறப்ப எடுத்தாச்சான்னு அப்பா கேக்கணும், அப்பறம் ஏறிட்டியான்னு கேக்கணும். ஒருநாளு இதே மாதிரி பனி. எடுத்தாச்சுன்னு சொன்னாரு, அப்பா லோரிய எடுத்துட்டாரு. ரெண்டாவது கேக்கல."

"எந்த எடத்துல?"

"நம்ப வீட்டுக்கு முன்னாலதான்."

அதற்கப்புறம் அவள் அப்பா லோரியைத் தொடவே இல்லையாம். வேனில் அவளிடம் கேட்ட குரல், "லோரிக்கார அண்ணன் மகளா?" என்று கேட்டதாம். கோபமாகக் கேட்டதா என்று நான் கேட்டேன். "தெரியல, விசாரிக்கற மாதிரிதான் கேட்டாரு" என்றாள்.

இப்போது அதிசயத்தைக் கேளுங்கள். அன்றிலிருந்து வேனில் ஒரு குறையும் இல்லை. கதவு வெண்ணெய் மாதிரி போய் மூடிக்கொள்கிறது, ஓடும்போது திறப்பதே இல்லை. ஹேண்ட்பிரேக் எந்தச் சரிவிலும் அசையாமல் நிற்கிறது. மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, நான் வேறு யாரிடமோ கொடுத்து வேலை பார்த்துவிட்டேன் என்று கோபித்துக்கொண்டார். குரூப்பில் எப்படிச் சரி பண்ணினீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என்ன சொல்ல?

ஒன்று மட்டும் சரியாகவில்லை. வேன் காலியாக நிற்கும்போதும் இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்தே நிற்கிறது. ஸ்பிரிங் மாற்றியும் பார்த்தாகிவிட்டது. விற்றுவிடலாம் என்றால், விவரம் தெரியாத ஒருத்தன் தலையில் இதைக் கட்ட மனசு வரவில்லை. பிள்ளைகளிடம் "எல்லாரும் ஏறிட்டீங்களா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். திரும்பிப் பார்த்துத் தலையை எண்ணிக்கொள்கிறேன்.

போன மாதம் ராஜி சொன்னபடி முனீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். அவள் தேங்காய், சுருட்டு எல்லாம் வாங்கி வந்து படைத்தாள், இந்தமுறை நான் அவளைச் சீண்டவில்லை. வேனைக் கோயில் மரத்தடியில் சமதரையில் நிறுத்தி, நானே இழுத்துச் சாத்திய கதவுக்கு எதிரில் கைகட்டி நின்று, "தம்பி, ஊரு வந்துருச்சி. எறங்கிக்கப்பா" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவு மெதுவாக ஒரு சாண் அளவு திறந்தது. பிறகு அது உள்ளேயிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டது.

"போலாம் அண்ணே."