ஹாரனைக் கழற்றிய மல்லிகா

வழியெல்லாம் நின்று நின்று வந்த என் பழைய மினி லாரி, செஞ்சிக் கோட்டைக்குக் கீழே அடியோடு படுத்துவிடுகிறது. மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிற சாமந்தி வெயிலில் வாடுகிறது. போன் போட்டதும் வந்த மெக்கானிக் மல்லிகா என்னைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, டீசல் டேங்கில் காதை வைக்கிறார்.

"உள்ள பம்பு சத்தமே இல்லண்ணா. அதுக்குக் கரண்டு குடுக்கிற ரிலே போயிடுச்சு."

புது ரிலே வாங்கத் திண்டிவனம் போக வேண்டும். அவரோ அதே மாதிரி இருக்கிற ஹாரன் ரிலேவைப் பிடுங்கிப் பம்புக்கு மாட்டுகிறார். டேங்குக்குள் வண்டு முரல்வதுபோல் சத்தம் எழுகிறது. எஞ்சின் உடனே பிடித்துக்கொள்கிறது. அந்தக் காதுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

"அப்ப ஹாரனுக்கு?" என்கிறேன், எனக்கே கேட்காத குரலில்.

"வாய் இன்னாத்துக்கு இருக்குது? கத்துண்ணா!"

மலையனூர்க் கூட்டத்தில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறேன். "வழி விடுங்க, பூ வண்டி!"

என் குரலுக்குக் கூட்டம் விலகுகிறது.