முப்பத்தெட்டாம் நம்பர் ஷூ

சர்க்கரை வாசல்வரை வந்து எட்டிப் பார்க்கிறது, தினம் நாற்பது நிமிஷம் நடங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன வாரம் வில்லியனூரில் ஒரு கடைக்குப் போய் ஷூ கேட்டேன். நடப்பதைவிட ஷூ வாங்குவது சுலபம் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். கடைப்பெண் அட்டைப்பெட்டியைத் திறந்ததும் புது ரப்பரும் பசையும் கலந்த வாசம் அடித்தது. அவள் குனிந்து என் கால்விரலை அமுக்கி, "இடிக்குதாக்கா?" என்று கேட்டாள். நான் எழுந்து வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன். பாவம், அந்தப் பெண் என்ன நினைத்தாளோ.

அந்த வாசத்தை நான் முதலில் முகர்ந்தது பாரிஸில். சொல்லும்போதே எவ்வளவு பகட்டாக இருக்கிறது! திருக்கனூரில் விதையும் உரமும் விற்றவரின் சின்ன மகள் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் வேப்பம்புண்ணாக்கு வாசம். அது துணியில் ஏறினால் மூன்று முறை துவைத்தாலும் போகாது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார ஆள் கிடைக்காது. அதனால்தானோ என்னவோ, சென்ட் பாட்டில் என்றால் எனக்கு ஒரு சபலம். அந்தச் சபலத்தின் கதைதான் இது.

அக்கா அமுதாவுக்கு நேஷனாலிட்டி மாப்பிள்ளை, அதாவது பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளை, அமைந்தது. எங்கள் பக்கத்தில் அந்த ஒரு வார்த்தை போதும். மாப்பிள்ளையின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். 'சொல்தா வூடு' என்பார்கள் அப்படிப்பட்ட குடும்பங்களை. கல்யாணமாகி ஒன்றரை வருஷம் கழித்து ஒரு மாசி மாதம் மாமாவே எங்களைப் பாரிஸுக்கு அழைத்தார். மாமா என்றால் அக்கா புருஷன். அப்பா கடையைப் பூட்டியதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போது இருபது வயது. பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் சித்திரையில் என்னைப் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு.

மாமாவுடைய வீடு ஒற்றை அறை. அதனால் எங்களை அவருடைய அண்ணன் வீட்டில் தங்கவைத்தார். ஊர் திரும்புவதற்கு முந்தின நாள், ஊர் சுற்றவும் சாமான் வாங்கவும் என்று ஒதுக்கிய நாள்.

அப்பா வேட்டிக்குப் பதில் பேன்ட், அதற்குமேல் குரங்குக் குல்லா. அம்மா பட்டுப்புடவைக்குக் கீழே கம்பளி சாக்ஸ். நான் அக்காவின் பழைய கோட்டில் தலையணை உறைக்குள் போன பூனைக்குட்டி மாதிரி இருந்தேன். அந்தப் பெரிய இரும்புக் கோபுரத்துக்குக் கீழே உட்கார்ந்து புளிசாதம் தின்றோம். "இத்தன இரும்ப வெச்சிகினு ஒரு குடோன் கட்டியிருக்கலாம்," என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தோம். போகிற இடமெல்லாம் மாமா கதவைப் பிடித்துக்கொண்டு அம்மாவை முன்னால் போகவிடுவார். அதில் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஒன்றர வருஷமாச்சி அத்த, இவளுக்கு இன்னும் ரயில் டிக்கெட் எடுக்கத் தெரியல," என்று மாமா சொன்னார். அக்கா சிரித்தாள். அவள் நாள் முழுக்க எங்களுக்கு நாலடி பின்னாலேயே வந்தாள். "எவ்ளோ அடக்கம் பாரு, கத்துக்கோடி," என்று அம்மா என் காதில் சொன்னாள். அக்கா அடக்கத்தால் பின்தங்கவில்லை, நொண்டிக்கொண்டு வந்தாள் என்பது படியேறும்போதுதான் தெரிந்தது.

"காலு இன்னாடி?"

"ஷூ கடிக்குதுமா."

அப்படித்தான் அந்தப் பெரிய கடையில் ஷூ வாங்கப் போனோம். மாமா அப்பாவை வாட்ச் காட்ட மேல்மாடிக்கு அழைத்துப்போனார். அதற்குமுன் வாசல் பக்கத்திலேயே எனக்கு ஒரு சென்ட் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். நான் அதைக் கோட்டுப் பையில் வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைப்பெண் அக்காவின் சாக்ஸைக் கழற்றினவள் அப்படியே நின்றுவிட்டாள். அக்காவின் விரல்கள் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கி, ஓரத்தில் வெடித்திருந்தன. ஒரு நகம் இல்லை. அந்தப் பெண் அக்காவிடம் என்னவோ கேட்டாள். அக்கா தலையை ஆட்டி அவளை அனுப்பிவிட்டாள்.

"இன்னாடி இது?" என்றாள் அம்மா.

"கோவம் வந்தா பால்கனில நிக்க வெச்சி கதவ சாத்திடுவாரும்மா. போன மாசம் பனி கொட்டுச்சி. செருப்பு போட வுடல."

"எதுக்கு?"

"உங்கிட்ட ரொம்ப நேரம் ஃபோன்ல பேசினேன்னு."

அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு உங்ககூடவே வந்துடறம்மா. பாஸ்போர்ட்டு எங்கிட்டதான் இருக்குது. அப்பாகிட்ட சொல்லி ஒரு டிக்கெட்டு மட்டும் எடுக்கச் சொல்லும்மா. கடையில மூட்ட தூக்கிகினு கூட இருந்துடறன்."

அந்த ஊரில் தமிழ் தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லை. இருந்தும் அம்மா குரலைத் தாழ்த்தினாள். "சித்திரைல இவள பாக்க வராங்க. பெரியவ வாழாம வந்துட்டான்னா எவன் வாசப்படி ஏறுவான்? ஒரு கொழந்த பொறக்கட்டும், எல்லாம் சரியாயிடும்."

சொல்லிக்கொண்டே பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்கு மாட்டுகிற மாதிரி அக்காவுக்கு சாக்ஸை மாட்டிவிட்டாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். அக்கா போடுவது முப்பத்தேழு. வீக்கத்துக்காக முப்பத்தெட்டாம் நம்பராக வாங்கினோம். கறுப்பு.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் ஆற்றில் படகு. அம்மா அப்பாவின் காதில் சொல்வதைப் பார்த்தேன். அப்பா குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு திரும்பி, "மாப்ள, இந்தப் பாலம் கட்டி எத்தினி வருஷம் இருக்கும்?" என்று கேட்டார். மாமா விவரமாகச் சொன்னார்.

இறங்கியதும் கரையோரக் கடையில் சூடாகச் சாக்லேட் பால் வாங்க மாமா என்னைத் துணைக்கு அழைத்தார். வரிசையில் நிற்கும்போது சாதாரணமாகக் கேட்டார்: "ஷூ கடைல அவ்ளோ நேரம் இன்னா பேச்சு?"

சத்தியமாக நல்லது என்று நினைத்துத்தான் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு விஷயம் தெரியும் என்று தெரிந்துவிட்டால் வெட்கப்பட்டுத் திருந்திவிடுவார் என்று நினைத்தேனாம். உண்மை வேறு. ஒரு பெரிய மனுஷர் என்னைப் பெரியவளாக மதித்துக் கேட்கிறார், அதிலும் சென்ட் வாங்கிக்கொடுத்தவர். வாய் தானாகத் திறந்தது.

"அக்கா எங்ககூட ஊருக்கு வரன்னு அழுவுது மாமா. பால்கனின்னு என்னவோ சொல்லுது."

"அப்படியா?" என்று சிரித்தார். "நான் பாத்துக்கறன்." எனக்கு மட்டும் பாலின்மேல் கிரீம் போடச் சொன்னார்.

மறுநாள் காலை ஏர்போர்ட்டுக்கு மாமா தனியாக வந்தார். "அமுதாவுக்கு ஜொரம் அத்த. தூங்கறா."

"தூங்கட்டும் மாப்ள, எழுப்பாதீங்க," என்றாள் அம்மா. எங்கள் மூவரில் ஒருவரும் அவளிடம் ஃபோனில் ஒரு வார்த்தை பேசவேண்டும் என்று கேட்கவில்லை.

ஊரில் சாக்லேட் பங்கிட்டோம். அப்பா உரம் வாங்க வந்தவர்களிடமெல்லாம் கோபுரத்து லிஃப்ட் கதையைச் சொன்னார். சித்திரையில் பாகூர்க்காரர்கள் வந்தார்கள். நெல்லும் கரும்பும் போடுகிற வீடு, நல்ல மனிதர்கள். என் மாமியாராக வந்தவர் அக்காவைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பெரியவ வெளிநாட்டுல இருக்குதா?" "ஆமாம்," என்றாள் அம்மா. "சரி," என்று காபியைக் குடித்தார். அவருடைய சொந்த மகளே புருஷனை விட்டு வந்து அந்த வீட்டில்தான் இருந்தாள் என்பது கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தது. அவளை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அப்பாவுக்கு மாமா ஃபோன் செய்து, "உங்க பொண்ணு ஓடிட்டா," என்று கத்தினார். அதற்கடுத்த மாதம் தெரியாத எண்ணிலிருந்து எனக்கு ஒரு அழைப்பு. அக்கா. ஆபீஸ் துடைக்கும் வேலை, தனி அறை, வேறு ஊர் என்றாள். ஒரு கால்விரலை எடுத்துவிட்டார்களாம்.

"அன்னிக்கு எனக்கு ஜொரம் இல்லடி. நீங்க ஃப்ளைட்டு ஏறினப்ப நான் பால்கனிலதான் நின்னுகினு இருந்தன்." பிறகு கேட்டாள்: "அவருகிட்ட யாரு சொன்னது?"

நான் அடுப்படியில் நின்றிருந்தேன். குக்கர் சத்தம் போட்டது. யோசிக்க எனக்கு அவகாசம் இருந்தது. இருந்தும் சொன்னேன்.

"அம்மாவா இருக்கும்க்கா."

"சரி," என்றாள்.

அதன்பிறகு அந்த எண் கிடைக்கவில்லை. அப்பா இறந்தபோது, தெரிந்தவர்களைப் பிடித்துத் தகவல் அனுப்பினோம். பதில் வரவில்லை. உரக்கடை இருந்த இடத்தில் இப்போது ஃபோன் விற்கிறார்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, எந்த வாசமும் இல்லை. அம்மா பாகூரில் என்னோடு இருக்கிறாள். கேட்பவர்களிடம் பெரியவள் வெளிநாட்டில் சௌக்கியம் என்கிறாள். எப்போதாவது என்னிடம், "நான் இன்னாடி பண்ணிட்டன் அவளுக்கு, ஒரு வார்த்த பேச மாட்டன்றா," என்று கேட்கிறாள். நான் எதையாவது தேடுவதுபோல உள்ளே போய்விடுகிறேன்.

என் மகளுக்கு ஐந்து வயது. அடுத்த வீட்டு அம்மாளை அவள் பெரியம்மா என்று கூப்பிடுகிறாள். அந்த முறைக்கு ரத்தத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.