எனக்கும் சேர்த்து ஒரு கடிதம்

என் கணவர் தத்துவப் பேராசிரியர். கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் வில்லியனூரில் வீடு கட்டிக் குடிவந்தோம். ஒரு புத்தகம் எழுதப்போவதாகவும் அதற்கு அமைதி வேண்டும் என்றும் சொன்னார். எங்கள் வீட்டில் அமைதிக்குக் குறைவே இருந்ததில்லை. குக்கர் விசிலடித்தால் அவருடைய அறைக்கதவு படாரென்று சாத்தப்படும். அதனால் கல்யாணமான நாளிலிருந்து சோறு வடித்துத்தான் போடுகிறேன்.

பக்கத்து வீட்டில் வாடகைக்கு வந்தவர்கள் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போட்டார்கள். முன்னறையில் பெரிய கிரைண்டர் இரண்டு. மதியம் ஓட ஆரம்பித்தால் விளக்கு வைக்கும் நேரம்தான் நிற்கும். அவர் அறைக்குள் போனதும் நான் அங்கே போய்விடுவேன். அந்த வீட்டுப் பெண் உளுந்து தள்ளிவிடுவாள், நான் பாக்கெட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவேன். கத்தித்தான் பேச வேண்டும். நானும் கத்துவேன். ஒருநாள் என் சிரிப்பு எனக்கே கேட்டுத் திடுக்கிட்டேன். அவ்வளவு பெரிய சிரிப்பு.

ஒரு காலையில் அவர் ஒட்டிய கவர் ஒன்றை என்னிடம் நீட்டினார். "பக்கத்து வீட்டில் கொடுத்துவிடு. நான் நேரில் போனால் வாக்குவாதமாகும்."

போகமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவள் கவரைப் பிரித்தாள். உள்ளே நான்கு பக்கம், பேனா மையில் சாய்ந்த கூட்டெழுத்து. இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "இன்னாக்கா எழுதிக்கிறாரு சாரு? ஒண்ணுமே தெரியல. நீங்களே படிங்க" என்று என் கையில் கொடுத்தாள்.

படித்தேன். மனிதன் தனிமையில் சிந்திக்கும் உரிமை பற்றி ஒன்றரைப் பக்கம். அவள் கை கட்டிக்கொண்டு, வகுப்பில் நிற்பவளைப் போலக் கேட்டாள். மூன்றாம் பக்கத்தில்தான் கிரைண்டர் வந்தது. அடுத்து நான் வந்தேன். 'என் மனைவியும் இந்த இரைச்சலால் தீராத தலைவலியில் அவதிப்படுகிறாள். அவள் சொல்லத் தயங்குபவள். ஆகவே அவள் சார்பிலும் நானே எழுதுகிறேன்.'

அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கலாம். ஆனால் என்ன வருகிறது என்று புரியும் முன்பே வாய் படித்துவிட்டது.

"உங்களுக்குத் தலவலியாக்கா?" என்றாள். "டெய்லி இங்கதான ஒக்காந்துனு இருந்தீங்க. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"அவரு எழுதியிருக்காரு..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. கட்டிய புருஷனைப் பொய்யன் என்று இன்னொரு வீட்டில் எப்படிச் சொல்வது என்று அப்போது தோன்றியது. இப்போது அந்த எண்ணத்தின் மீதுதான் எனக்குக் கோபம்.

"செரிக்கா" என்று கடிதத்தை வாங்கி மடித்து ஜன்னலில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டேன். "எனக்கு எப்போ தலைவலி வந்துச்சு?"

புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார். "அது வாதத்துக்கு வலு சேர்ப்பதற்காக."

அந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்தார்கள். சோரியாங்குப்பத்தில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கே போய்விட்டார்கள். மினி லாரியில் கிரைண்டர்களை ஏற்றும்போது வாசலில் நின்றேன். அவள் தலையை மட்டும் அசைத்தாள். உள்ளே வந்தால், "எழுத்துக்கு உள்ள பலம் பார்த்தாயா?" என்றார் அவர். புத்தகம் இன்னும் முதல் அத்தியாயத்திலேயே நிற்கிறது. மதியமெல்லாம் தூங்குகிறார்.

போன தை மாதம் அவரிடம் சொல்லாமல் பாகூருக்கு பஸ் ஏறி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து சோரியாங்குப்பம் போனேன். கொட்டகையில் இரண்டு கிரைண்டரும் ஓடிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள்.

"சுவிட்சப் போடும்மா, எனக்குத் தலைவலியே கெடையாது. அவரா எழுதினது."

"இருக்கட்டும்கா" என்று சிரித்தாள். நம்பவில்லை. அல்லது நம்பியும் இனி பயனில்லை என்று நினைத்திருப்பாள். காபி கொடுத்தாள், சாரை விசாரித்தாள். அந்த நிசப்தத்தில் எங்கள் இருவருக்கும் பேச எதுவுமே அகப்படவில்லை. பாதி அரைந்த மாவைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கால்மணி நேரத்தில் எழுந்துவிட்டேன்.

வீடு திரும்ப மாலையாகிவிட்டது. எங்கே போயிருந்தாய் என்று அவர் கேட்கவில்லை.