ரிஜிஸ்தரில் இருந்த முழுக் கட்டைவிரல்

மயிலாப்பூரில் மரவாடி வைத்தேன். அடையாற்றுப் பங்களாக்களுக்கு உத்தரம் ஏற்றினேன். தியாகராய நகரில் அப்போது எழும்பிய வீடுகளில் பாதிக்கு என் மரம்தான் வாசற்கதவு. எல்லாமே பள்ளிக்கூடம் போகாமல், கைநாட்டு வைத்தே சம்பாதித்தது.

அந்த நாளில் என் வாடியில் மரம் அறுத்த முனுசாமி, கள்ளுக்கடை மறியலில் சிறைக்குப் போனான். தண்டனை முடிந்தும் வீடு திரும்பவில்லை. அவன் பெண்சாதி கன்னியம்மா அழுதபடி வந்தாள்.

"வுட்டாச்சுன்னு ஜெயில்ல சொல்றாங்க, மொதலாளி. ஆளைக் காணோமே!"

"எவளோடயாச்சும் ஓடிப் போயிருப்பான், போ" என்றேன்.

அவள் நகரவில்லை. மறுநாள் அவளோடு நானே ஜெயிலுக்குப் போய், விடுதலையானவர்களின் ரிஜிஸ்தரைக் காட்டச் சொன்னேன். குமாஸ்தா சிரித்தான்.

"கைநாட்டுக்கு ரிஜிஸ்தர் இன்னாத்துக்கு நைனா? இந்தா, முனுசாமி. நல்லா படி!"

குமாஸ்தா சுட்டிக் காட்டிய இடத்தில் எழுத்தை நான் பார்க்கவில்லை. பக்கத்தில் பதிந்திருந்த இடது கட்டைவிரல் ரேகையைப் பார்த்தேன். முழு விரல்! எங்கள் முனுசாமியின் இடது கட்டைவிரல் நுனியை என் வாடி ரம்பம் எப்போதோ தின்றுவிட்டது.

"இவன் வேற முனுசாமிடா! எங்காளு உள்ளதான் கீறான்!" என்று மேஜையைக் குத்தினேன்.

அன்று சாயங்காலமே அவனை வெளியே விட்டார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை.

முனுசாமிக்கு நடந்த வரவேற்புக் கூட்டத்தில் மாலை விழுந்தது ஒரு வக்கீலுக்கு. அவனை விடச் சொல்லி மனு எழுதினாராம். அவன் வீட்டுக்கு வந்த பிறகு எழுதிய மனு! கண்டுபிடித்தவன் நான். இனி இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் என் பெயரைச் சேர்த்துச் சொல்லட்டும். கன்னியம்மாவிடம் நான் பேசிய பேச்சையும் சேர்த்தே சொல்லட்டும்.